அத்தியாயம் 7: எண்ட்பாயிண்ட் பாதுகாப்பை அப்கிரேட் செய்தல் – முன்னேற்பாடும் கோளாறு நீக்கமும்

வேறு எந்த மென்பொருளின் அப்கிரேட் கெட்டுப்போனாலும் அந்த மென்பொருள்தான் நிற்கும். டேலி திறக்கவில்லை என்றால் கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும். மற்ற மேசைகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் அப்படியில்லை. அதன் டிரைவர்கள் விண்டோஸின் கெர்னலுக்குள் இருந்துகொண்டு, திறக்கும் கோப்புகளையும் போகும் வரும் நெட்வொர்க் பாக்கெட்டுகளையும் வழிமறித்துப் பார்க்கின்றன. அந்த இடத்தில் பிழை வந்தால் கணினியே எழுந்திருக்காது. எழுந்திருக்காத கணினிக்குச் சர்வரிலிருந்து தீர்வை அனுப்பவும் முடியாது. ஒருவர் அந்த மேசைக்கே போக வேண்டும். 800 கணினி என்றால் 800 மேசை. எனவே திட்டம் போட உட்காரும்போது முதலில் திரும்பி வரும் வழியை எழுதுங்கள். போகும் வழியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இது மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 எண் வைரஸ் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3இல் இருக்கும் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற அடிப்படைக் கோப்பை வைரஸ் என்று தவறாக அடையாளம் கண்டு பூட்டியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின; நெட்வொர்க்கும் போயிற்று. திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் நெட்வொர்க் இல்லாத கணினிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? கைகளால்தான் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9:39க்குக் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறிய உள்ளடக்கக் கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பின் வகை 21 புலங்களை எதிர்பார்த்தது. அதைப் படிக்கும் நிரல் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத 21ஆவதைத் தேடிப்போன நிரல் தனக்குரிய நினைவகத்துக்கு வெளியே படித்தது, விண்டோஸ் நீலத்திரையில் விழுந்தது. 10:57க்கே அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடங்களுக்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டாவது சம்பவத்தில் நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. "நாங்கள் புதிய பதிப்பை உடனே போடுவதில்லை, ஒரு பதிப்பு பின்னால்தான் இருப்போம்" என்று வைத்திருந்த நிறுவனங்களும் விழுந்தன. பதிப்பைத் தள்ளிப்போடும் பாலிசி மென்பொருளுக்குத்தான். அன்றாட உள்ளடக்கக் கோப்புக்கு அல்ல. உங்கள் பாதுகாப்பு மென்பொருளுக்குள் எத்தனை விதமான புதுப்பித்தல்கள் வருகின்றன, அவற்றில் எதை நீங்கள் நிறுத்திவைக்க முடியும், எதை முடியாது என்பதை அப்கிரேடுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வைரஸ் பட்டியல், நெட்வொர்க் ஊடுருவல் பட்டியல், நடத்தையைக் கண்காணிக்கும் என்ஜின், டிரைவர், முழுப் பதிப்பு – ஒவ்வொன்றும் தனித்தனி வரி.

இனி இந்த அத்தியாயம் முழுவதும் சிமான்டெக் எண்ட்பாயிண்ட் புரொடெக்‌ஷனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாகப் பெரிய அலுவலகங்களில் ஓடும் மென்பொருள். 2019இல் பிராட்காம் வாங்கியது. நடுவில் ஒரு மேனேஜர் சர்வர், அதன் பின்னால் ஒரு தரவுத்தளம், சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிளையண்டுகள் என்ற அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கும் இந்த அறிவு பயன்படும். பெயர்கள் மாறும், அவ்வளவுதான்.

முதலில் கணக்கெடுப்பு

மேனேஜர் கன்சோல் 640 கணினி என்று காட்டும். சொத்துப் பதிவேட்டில் 710 இருக்கும். ஆக்டிவ் டைரக்டரி 900 என்று சொல்லும். மூன்றும் ஒத்துப்போகும் அலுவலகம் அபூர்வம். ஒத்துப்போக வைப்பதும் உங்கள் வேலை இல்லை. ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதமாகச் சர்வரோடு பேசாத கிளையண்டுகள், அலமாரியில் கிடக்கும் மடிக்கணினிகள், யாரோ பாதுகாப்பை நீக்கிவிட்ட ஒரு பழைய சர்வர் – அப்கிரேட் முடிந்த மறுநாள் "இது ஏன் வரவில்லை?" என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளப்போவது இவற்றோடுதான். முதல் நாளே பட்டியலிலிருந்து பிரித்துவிடுங்கள்.

அடுத்து இயங்குதளம். 2016 நவம்பரில் வந்த 14ஆம் பதிப்பின் கிளையண்ட் விண்டோஸ் எக்ஸ்பியிலும் சர்வர் 2003இலும் ஓடாது. அந்த இயங்குதளங்களை விடமுடியாத இடங்களில், குறிப்பாக ஆலை இயந்திரங்களோடு இணைந்த கணினிகளில், பழைய 12.1 கிளையண்டையே விட்டுவைத்துப் புதிய மேனேஜரிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விண்டோஸ் 7இல் வேறொரு சிக்கல். 2019 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் எஸ்ஹெச்ஏ-2 கையொப்பம் மட்டுமே உள்ள அப்டேட்களை அனுப்பத் தொடங்கியபோது, விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 கணினிகளில் சிமான்டெக்கும் நார்ட்டனும் அவற்றைத் தடுக்கவோ அழிக்கவோ செய்தன. அதனால் அந்தக் கணினிகளுக்கு அப்டேட்டையே மைக்ரோசாப்ட் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. விண்டோஸ் அப்டேட்டையும் பாதுகாப்பு அப்கிரேடையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக நடந்து ஏதாவது கெட்டால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

கிளையண்டை நிறுத்தவோ நீக்கவோ பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள். வைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். கன்சோல் கையில் இருக்கும்போது அதை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. கன்சோல் விழுந்த பிறகு அது நடக்காது.

சான்றிதழை முதலில் காப்பாற்றுங்கள்

பேக்கப் என்றதும் எல்லோரும் தரவுத்தளத்தை நினைக்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது இடம். முதல் இடம் சர்வரின் சான்றிதழுக்கும் தனிச்சாவிக்கும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு கிளையண்டிலும் 'சைலிங்க்' என்ற ஒரு கோப்பு இருக்கிறது. எந்த மேனேஜரோடு பேச வேண்டும், எந்த போர்ட்டில், அந்த மேனேஜரின் சான்றிதழ் எது என்பதெல்லாம் அதில்தான். கிளையண்ட் தனக்கு வரும் பாலிசி உண்மையான மேனேஜரிடமிருந்துதான் வருகிறதா என்று அந்தச் சான்றிதழைக் கொண்டே சரிபார்க்கிறது. மேனேஜர் சர்வர் அழிந்து, நீங்கள் புதிதாக நிறுவி, அதே பெயர், அதே ஐபி முகவரி எல்லாம் கொடுத்தாலும், சாவி மாறிவிட்டால் கிளையண்டுகளுக்கு அது அந்நியன். பாலிசிகளைத் திரும்ப எழுதிவிடலாம். இரண்டு நாள் வேலை. நம்பிக்கை அறுந்த 640 கிளையண்டுகளுக்குப் புதிய சைலிங்க் கோப்பைக் கொண்டுபோய்ப் போடுவது இரண்டு வார வேலை.

நல்லவேளையாக மேனேஜர் தன்னை நிறுவும்போதே ஒரு மீட்புக் கோப்பை உண்டாக்கி, தன் நிறுவல் ஃபோல்டருக்குள் 'சர்வர் பிரைவேட் கீ பேக்கப்' என்ற உள்ஃபோல்டரில் வைத்துவிடுகிறது. குறியாக்கப் பாஸ்வேர்டு, சாவிக்கிடங்கு, டொமைன் அடையாள எண், சான்றிதழ், லைசென்ஸ், போர்ட் எண்கள் எல்லாம் அந்த ஒரு ஜிப் கோப்பில் இருக்கின்றன. பலர் அது அங்கே இருக்கிறது என்ற நிம்மதியோடு விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துவது போன்ற வேலை அது. அந்த டிஸ்க் போனால் கோப்பும் போகும். வேறு சர்வருக்கு ஒரு நகல், வெளியே ஒரு நகல்.

பிறகு தரவுத்தளம். மேனேஜரோடு வரும் பேக்கப் கருவியை ஓட்டி, உண்டான கோப்பையும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். இங்கே ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது: எந்தப் பதிப்பில் எடுத்த பேக்கப்போ அதே பதிப்பு மேனேஜரில்தான் அதைத் திரும்ப ஏற்ற முடியும். புதிய பதிப்பு தரவுத்தளத்தின் கட்டமைப்பையே மாற்றிவிடும்; பின்னால் போகப் பொத்தான் கிடையாது. பின்னால் போவது என்றால் எல்லாவற்றையும் நீக்கி, பழைய பதிப்பை நிறுவி, பேக்கப்பை ஏற்றி, மீட்புக் கோப்பைக் கொடுப்பதுதான். அதற்குப் பழைய பதிப்பின் நிறுவல் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் அது என்றைக்கும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

மேனேஜர் விர்ச்சுவல் சர்வராக இருந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கலாமே என்பார்கள். எடுங்கள், ஆனால் மேனேஜர் சேவைகளை நிறுத்திவிட்டு எடுங்கள். தரவுத்தளம் தனி எஸ்க்யூஎல் சர்வரில் இருந்தால் மேனேஜரின் ஸ்னாப்ஷாட் மட்டும் போதாது. பழைய மேனேஜரும் புதிய தரவுத்தளமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்.

பேக்கப் எடுத்ததோடு வேலை முடியவில்லை. ஒரு காலி விர்ச்சுவல் கணினியில், நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, அதைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். கன்சோல் திறந்து உங்கள் குரூப்புகள் தெரிந்தால் அந்தப் பேக்கப்பை நம்பலாம். அதே கணினியிலேயே புதிய பதிப்பை ஒருமுறை ஒத்திகையாகவும் ஓட்டிவிடலாம். எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சர்வர் முதலில், கிளையண்ட் பிறகு

வரிசை மாறக் கூடாது. புதிய மேனேஜருக்குப் பழைய கிளையண்டோடு பேசத் தெரியும். மேனேஜர் பழையதாக இருந்து கிளையண்ட் புதியதாகிவிட்டால், புதிய வசதிகளுக்கான பாலிசியை அனுப்ப அதற்கு வழி தெரியாது. மேனேஜர் அப்கிரேட் முடிந்த பிறகு கிளையண்டுகளைத் தொடாமல் ஒரு வாரம் விட்டுவிடுவதில் தவறே இல்லை. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட சைட்கள் வைத்து அவற்றுக்கிடையே ரெப்ளிகேஷன் ஓடுகிறது என்றால், தொடங்குவதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். வெவ்வேறு பதிப்பில் இருக்கும் இரண்டு தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பேசவே கூடாது. ஒரே தரவுத்தளத்தை இரண்டு மூன்று மேனேஜர்கள் பகிர்ந்துகொண்டால், எல்லா மேனேஜர்களின் சேவையையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக அப்கிரேட் செய்யுங்கள். அந்த நேரத்தில் கிளையண்டுகள் பாதுகாப்பில்லாமல் நிற்பதில்லை. கடைசியாக வாங்கிய பாலிசியோடும் பட்டியலோடும் ஓடிக்கொண்டிருக்கும். மேனேஜரிடமிருந்து புதிதாக எதுவும் வராது, அவ்வளவே. மேலாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

2020 இறுதியில் வந்த 14.3 ஆர்யூ1 பதிப்பைத் தாண்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதுவரை சிறிய அலுவலகங்களுக்கு மேனேஜரோடு வந்த உள்தரவுத்தளத்தை அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டு, மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தார்கள். அப்கிரேட் ஓடும்போதே பழையதிலிருந்து புதியதற்குத் தரவு மாறும். எக்ஸ்பிரஸ் இலவசம், அதற்கு ஈடாக அப்போது வந்த பதிப்பில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி என்ற வரம்பு இருந்தது. ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்யாத லாக்குகளையும், தேவைக்கு மேல் சேமித்துவைத்த பழைய வைரஸ் பட்டியல்களையும் முதலில் குறைத்துவிடுங்கள். டிஸ்க்கில் இப்போதைய தரவுத்தளத்தின் அளவைவிட இரண்டு மடங்காவது காலி இடம் இருக்கட்டும். நடுவில் இடம் தீர்ந்து நின்ற மாற்றம் போல் மோசமான இரவு வேறில்லை.

கிளையண்டுகளுக்குப் போகும் முன்

சோதனைக் குரூப்பில் ஐடி பிரிவின் கணினிகளை மட்டும் போடுவது எல்லோரும் செய்யும் பிழை. அவை எப்போதும் புதியவை, சுத்தமானவை. அவற்றில் எதுவும் கெடாது. சோதனைக் குரூப்பில் இருக்க வேண்டியவை இவை: கணக்குப் பிரிவின் மிகப் பழைய கணினி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகிய கணினி, விபிஎன் வழியாக வீட்டிலிருந்து வரும் மடிக்கணினி, யாரோ பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த சொந்த மென்பொருள் ஓடும் கணினி, ஒரு கோப்புச் சர்வர்.

அந்தச் சொந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2011இல் வந்த 12.1 பதிப்பிலிருந்து சிமான்டெக் ஒரு கோப்பின் நற்பெயரையும் பார்க்கிறது: உலகில் எத்தனை கணினிகளில் இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது, கையொப்பம் உண்டா என்று. 14இல் இயந்திரக் கற்றலும் சேர்ந்தது. உங்கள் சேமிப்புக் கிடங்கிற்காக எழுதிய நிரல் உலகத்தில் நாற்பது கணினிகளில்தான் இருக்கும், கையொப்பமும் இருக்காது. வைரஸ் எழுதுபவனின் புதிய கோப்பும் சரியாக அப்படித்தான் இருக்கும். என்ஜின் குழம்புவதில் வியப்பில்லை. ஆகவே சோதனைக் குரூப்பில் முதல் வாரம் புதிய என்ஜின்களை 'லாக் மட்டும்' என்ற நிலையில் வையுங்கள். எதைப் பிடித்திருக்கும் என்று லாக்கில் பார்த்து, நம்முடையவற்றுக்கு விதிவிலக்கு கொடுத்துவிட்டுப் பிறகு தடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

கன்சோலில் ஒரு குரூப்புக்குப் புதிய பேக்கேஜைக் கொடுக்கும்போது, 'இப்போது கிளையண்டில் இருக்கும் வசதிகளை அப்படியே வைத்துக்கொள்' என்ற பொருளில் ஒரு தேர்வுப் பெட்டி வரும். அதை எடுத்துவிட்டால், பேக்கேஜோடு எந்த வசதித் தொகுப்பைத் தேர்ந்தீர்களோ அது கிளையண்டில் உட்காரும். வேண்டுமென்றே ஃபயர்வால் இல்லாமல் நிறுவியிருந்த தரவுத்தளச் சர்வரில் இரவோடு இரவாக ஃபயர்வால் முளைத்துவிட்டால், காலையில் எந்தச் செயலியும் அதோடு பேசாது. பெட்டி டிக் செய்தபடியே இருக்கட்டும். சர்வர்களைத் தனிக் குரூப்பில் வையுங்கள். அவற்றைத் தானியங்கி அப்கிரேடில் சேர்க்காமல் கையால், ஒவ்வொன்றாக, செயலி உரிமையாளர் உடனிருக்கும்போது செய்யுங்கள்.

கிளை அலுவலகங்களுக்கு மெல்லிய இணைப்புத்தான் இருக்கும். முழு பேக்கேஜும் நாற்பது கணினிக்கும் தலைமை அலுவலகத்திலிருந்தே இறங்கினால் அன்றைக்கு அங்கே பில் போட முடியாது. இரண்டு வழிகள்: அப்கிரேடை இத்தனை நாட்களுக்குப் பிரித்து அனுப்பு என்று நாள் எண்ணிக்கை கொடுக்கலாம், அல்லது கிளையிலேயே உள்ள ஒரு வெப் சர்வரில் பேக்கேஜை வைத்து அதன் முகவரியைக் கொடுக்கலாம். இணையமே இல்லாத கணினிகளுக்கு 14இலிருந்து தனி வகைக் கிளையண்ட் உண்டு. சாதாரணக் கிளையண்ட் முழுப் பட்டியலையும் உள்ளே வைத்திருக்காமல் கிளவுடைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இணையமில்லாத இடத்தில் அதைப் போட்டால் பாதிக் கண்ணோடுதான் வேலை செய்யும்.

நாள் தேர்வு. மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி, மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கு, சம்பளம் போடும் இரண்டு நாள் – இவற்றை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம். சனி, ஞாயிறு சரிசெய்யலாம் என்று தோன்றும். ஆனால் பயனர் கணினியைத் திறந்து வேலை செய்தால்தான் பல கோளாறுகள் தெரியும், திங்கள் காலை எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். செவ்வாய் நல்ல நாள்.

பிட்லாக்கர் போட்ட மடிக்கணினிகள் இருந்தால் அவற்றின் 48 இலக்க மீட்புச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 2024இல் கெட்ட கோப்பை அழிக்கச் சேஃப் மோடுக்குப் போக வேண்டியிருந்தது. சேஃப் மோடுக்குப் போக அந்தச் சாவி வேண்டியிருந்தது. சாவிகளை வைத்திருந்த சர்வரும் நீலத்திரையில் நின்ற இடங்களில் வேலை அப்படியே முடங்கியது. விண்டோஸ் இல்லாத ஏதாவது ஓரிடத்தில், பூட்டிய பெட்டியில் அச்சிட்ட தாளாக இருந்தாலும் சரி, ஒரு நகல் வேண்டும்.

கோளாறு வந்தால்

மேனேஜர் அப்கிரேட் "வெற்றி" என்று முடிந்து, சேவை மட்டும் ஓட மறுப்பது அடிக்கடி நடப்பது. பலர் உடனே திரும்ப நிறுவப் போகிறார்கள். முதலில் விண்டோஸ் ஈவன்ட் லாக்கைத் திறந்து பாருங்கள். உள்நுழைவு தோல்வி என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் மேனேஜரிலேயே இல்லை. அதன் சேவைகள் தங்களுக்கென்றே உள்ள மெய்நிகர் கணக்குகளில் ஓடுகின்றன. அந்தக் கணக்குகளுக்குச் 'சேவையாக உள்நுழையும்' உரிமை வேண்டும். நிறுவும்போது அது கொடுக்கப்படுகிறது. ஆனால் உங்கள் டொமைன் குரூப் பாலிசி அந்த உரிமைப் பட்டியலை மேலிருந்து எழுதினால், அதில் இல்லாத பெயரெல்லாம் அடித்துச் செல்லப்படும். புதிய பதிப்பில் புதிய சேவை சேர்ந்திருந்தால் அதன் பெயர் பட்டியலில் இருக்க வாய்ப்பே இல்லை. டொமைன் நிர்வாகியிடம் சொல்லிச் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் தீரும்.

உள்நுழைவு சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், டாம்கேட் ஃபோல்டரின் லாக்குகளுக்குள் இருக்கும் 'எஸ்சிஎம்-சர்வர்-0' என்ற கோப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லையா, போர்ட்டை வேறு செயலி பிடித்துக்கொண்டதா என்பது அங்கே சொல்லாய் எழுதியிருக்கும். கன்சோலுக்கு 8443 போர்ட் வழக்கம். பல வெப் செயலிகளும் அதையே விரும்பும்.

கிளையண்டுகள் சர்வரோடு பேசவில்லை என்ற புகார் வந்தால் இரண்டு சோதனைகள். கிளையண்டின் கேடய ஐகானில் பச்சைப் புள்ளி இருக்கிறதா? இல்லையென்றால் அதே கணினியின் பிரவுசரில் மேனேஜரின் 'செகார்ஸ்' வணக்கச் சோதனை முகவரியைத் திறங்கள். 'ஓகே' என்ற இரண்டெழுத்துப் பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. பிரச்சினை சைலிங்க் கோப்பிலோ சான்றிதழிலோ இருக்கிறது. பதிலே வரவில்லை என்றால் ஃபயர்வால், பிராக்ஸி, போர்ட் மூன்றில் ஒன்று. பழைய அமைப்புகள் 8014ஐ வைத்திருக்கும், புதிதாக நிறுவிய 14 வழக்கமாக 443ஐ எடுக்கும்; நெட்வொர்க் ஃபயர்வாலில் ஒன்றை மட்டும் திறந்திருந்தால் இப்படித்தான் ஆகும். பச்சைப் புள்ளி இருந்தும் பாலிசி வரவில்லை என்றால் கிளையண்டின் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் தெரியும் பாலிசி வரிசை எண்ணைக் கன்சோலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கிளையண்ட் நிறுவலே தோல்வியடைந்து பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டால், 'செப்-இன்ஸ்ட்' என்ற லாக் கோப்பை விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் தேடுங்கள். பல ஆயிரம் வரி இருக்கும், மேலிருந்து படிக்காதீர்கள். 'வேல்யூ 3' என்று தேடினால் விண்டோஸ் இன்ஸ்டாலர் விழுந்த இடத்துக்குப் போய்விடலாம். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் காரணம் இருக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலானவை மூன்றே காரணங்கள்: ரீஸ்டார்ட் பாக்கி, டிஸ்க்கில் இடமில்லை, வேறு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் பாதி நீக்கிய நிலையில் மிச்சம். ரீஸ்டார்ட் பாக்கி என்பது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'அடுத்த முறை எழும்போது இந்தக் கோப்பை மாற்று' என்று எழுதிவைத்த குறிப்பு. மாதக்கணக்கில் ஹைபர்னேட் மட்டுமே செய்யும் மடிக்கணினிகளில் அது தேங்கியிருக்கும். அப்கிரேடுக்கு முந்தைய நாள் எல்லாக் கணினிகளையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வைத்தாலே தோல்விகள் பெருமளவு குறையும். 'ஷட் டவுன்' செய்தேன் என்று பயனர் சொன்னால் ஏற்காதீர்கள். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி இருந்தால் அது முழு ரீஸ்டார்ட் ஆகாது.

நிறுவும்போது நெட்வொர்க் டிரைவர் மாறுவதால் இணைப்பு சில நொடிகள் அறுந்து வரலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து அப்கிரேட் செய்பவர் திரை நின்றதும் பதறி மின்சாரத்தை அணைக்கச் சொல்லக் கூடாது. காத்திருங்கள்.

கன்சோலில் இரண்டு கணினிகள் ஒன்றின் இடத்தில் ஒன்றாக மாறி மாறித் தெரிந்தால், ஒரே இமேஜிலிருந்து நகலெடுத்தவை அவை. இரண்டுக்கும் ஒரே வன்பொருள் அடையாள எண். அப்கிரேட் எண்ணிக்கை எப்படிக் கூட்டினாலும் சரிவராமல் போவதற்கு இது முக்கியக் காரணம். அடையாள எண்ணை அழித்துப் புதிதாக உண்டாக்கும் கருவியை நிறுவனமே தருகிறது. இமேஜையும் திருத்திவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் வாங்கும் கணினிகளிலும் இதே கதைதான்.

எதற்கும் மசியாத கணினிக்கு 'கிளீன்வைப்' என்ற கருவி இருக்கிறது. கிளையண்டை வேரோடு பிடுங்கிவிடும். முதல் மருந்தாக அதை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; லாக் படிக்கும் சோம்பல்தான் காரணம். பிடுங்கிய பிறகு ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதே கோளாறு அடுத்த ஐம்பது கணினிகளில் வரும்போது கையில் விடை இருக்காது. மேனேஜர் ஓடும் சர்வரில் அதைத் தொடவே வேண்டாம்.

எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். சோதனைக் குரூப்பில் இருபதில் இரண்டு கணினி நீலத்திரைக்குப் போனால் நிறுத்தம், கையால் திருத்த வேண்டிய தோல்விகள் பத்தில் ஒன்றைத் தாண்டினால் நிறுத்தம் என்று உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ற எண்ணை நீங்களே வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் களைத்த மூளையோடு எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம்" என்றே இருக்கும்.

நிறுவனத்தின் ஆதரவுக் குழுவிடம் போக வேண்டி வந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். 'சிம்டயாக்' என்ற அவர்களுடைய கருவியை விழுந்த கணினியில் ஓட்டி எடுத்த கோப்பு, மேனேஜரின் லாக்குகள், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனீர்கள், எத்தனையில் எத்தனை விழுந்தன, விழுந்தவற்றுக்குள் என்ன ஒற்றுமை, கடைசியாக எது சரியாக ஓடியது – இவ்வளவையும் புகாரின் முதல் பதிவிலேயே இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுவதும் அவர்கள் இவற்றைக் கேட்டு எழுதுவதிலும் நீங்கள் தேடி அனுப்புவதிலுமே போய்விடும்.